ஊமையும் செங்கல்லும்

ஜியான் சியூமானுக்குப் பொறாமை வந்தால் முதலில் காது சிவக்கும். அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும்; அவளுக்கு மட்டும் தெரியாது. காது சிவந்திருக்கும் நாட்களில் சோதனைக் கூடத்து ஆக்குவேய் வாயைத் திறக்காமல் தன் வேலையைப் பார்ப்பான். ஜியாவென் என்ற பெண் வந்து சேர்ந்த பிறகு அவன் அநேகமாக வாயைத் திறக்கவே இல்லை.

தைப்பேயை ஒட்டிய சோங்ஹேயில், ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் கடைகளுக்கும் டப்பாச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் நடுவே இருக்கிறது அவர்களுடைய கம்பெனி. கணினிக்கான கிராபிக்ஸ் கார்டு செய்கிறார்கள். விளையாடுகிறவன் திரையில் பார்க்கும் ஒவ்வொரு படத்தையும் வரைந்து தள்ளுகிற பலகை அது. வரைகிற சில்லு, அதாவது சிப், வெளியிலிருந்து வரும். போட்டிக் கம்பெனிக்கும் அதே சில்லுதான் போகும். அந்தச் சில்லு கொதிக்காமல், அதைக் குளிரவைக்கும் விசிறி அலறாமல் பார்த்துக்கொள்வதில்தான் ஒரு கம்பெனிக்கும் மறு கம்பெனிக்கும் வித்தியாசம். அந்த வித்தியாசம்தான் சியூமானின் பிழைப்பு. அவளுடைய பெருமையும் அதுவேதான்.

ஹூவெய் ஊரில், துண்டு நெய்யும் தறிகளின் நடுவில் வளர்ந்தவள். அம்மா தறியில் வேலை செய்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் தறி ஓடுகிற நினைப்பிலேயே கத்திப் பேசுவாள். உப்பை எடு என்பதைக்கூடச் சண்டைக்கு இழுப்பதுபோல்தான் சொல்வாள். சியூமானுக்குச் சத்தமே ஆகாமல் போனது அப்படித்தான். முப்பது வயதில் ஒரு நல்ல மனிதரோடு கல்யாணப் பேச்சு நடந்தது. ஹுவாலியனுக்குச் சேர்ந்து போனபோது அவர் ரயிலில் உட்கார்ந்தவாக்கிலேயே குறட்டை விட்டார். ஊர் திரும்பியதோடு சம்பந்தம் முறிந்தது. அம்மா இன்றைக்கும் தொலைபேசியில் அதைச் சொல்லிக் காட்டாமல் விடுவதில்லை.

"குறட்டைக்காக ஒரு ஆம்பளைய வேண்டாம்னு தள்ளினவ இந்தத் தைவான்லயே நீ ஒருத்திதான்டி. இப்ப விசிறியக் கட்டிக்கிட்டு அழு."

விசிறியைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் அழவில்லை. நாலைந்து வருடத்துக்கு முன் அவள் செய்த கார்டுக்கு இரண்டே விசிறி. இதழ்களை அவள் எப்படி வளைத்தாளோ, முழு வேகத்தில் ஓடும்போதும் பக்கத்தில் இருப்பவன் மூச்சுவிடுகிற அளவுக்குத்தான் சத்தம் வரும். அலுவலகத்தில் அதற்கு 'ஊமை' என்று பெயர் வைத்தார்கள். வாங்கியவர்கள் எழுதிய விமர்சனங்களில் 'கணினி ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை' என்று வருகிற வரிகளைச் சியூமான் பல்துலக்கும்போது வாசிப்பாள். இதைவிட அந்தரங்கமான சந்தோஷம் அவளுக்கு வேறு இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு புதிய தலைமுறைச் சில்லு வந்தது. பழையதைவிட வேகம் அதிகம், பசியும் அதிகம், சூடும் அதிகம். அதற்கான கார்டைச் செய்யும் வேலை சியூமானுக்கு வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். மேலாளர் லுவோவோ போட்டிக் கம்பெனியிலிருந்து ஜியாவெனைக் கொண்டுவந்து, தனியாக ஒரு பகுதி அமைத்து, வேலையை அவளிடம் கொடுத்தார். முப்பத்தைந்தைத் தாண்டாதவள், குட்டை முடி, எப்போதும் ஏதாவது தின்றுகொண்டிருப்பவள். அவள் செய்த கார்டு மூன்று விசிறியும் தடித்த தகடுகளுமாக, கையில் எடுத்தால் தோள் இறங்கும் கனத்தில் இருந்தது. தொங்கிவிடாமல் இருக்க அடியில் முட்டுக்கொடுக்க ஒரு கம்பி வேறு.

"இது கார்டா? இதை வெச்சுச் செவுரு கட்டலாம்" என்றாள் சியூமான், முதல்முறை பார்த்தபோது. அன்றிலிருந்து அதற்குச் 'செங்கல்' என்று பெயர். இளப்பமாக வைத்த பெயர். ஜியாவென் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்து, தன் மேசையிலேயே செங்கல் என்று எழுதி ஒட்டிக்கொண்டாள். சியூமானுக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

பொறாமைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் சியூமான் படித்தவள், எனவே தேடினாள். மாலையில் எல்லோருக்குமாகச் சேர்த்துத் தேநீர் வரவழைக்கும்போது, லுவோ ஜியாவெனிடம் கேட்காமலேயே "அவளுக்குச் சர்க்கரை வேண்டாம், ஐஸ் கம்மி" என்று எழுதுவார். சியூமானிடம் மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்பார். இத்தனை வருடம் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்தவளின் சர்க்கரை அவருக்கு நினைவில்லை. "பாதிச் சர்க்கரை" என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்குத் தன்மானத்தில் பாதி போவதாக இருந்தது. ஜியாவென் விடுப்பு எடுத்தால் கூட்டம் தள்ளிப்போகும். சியூமான் விடுப்பு எடுத்தால் கூட்டம் சீக்கிரம் முடியும். இந்த மாதிரி விஷயங்களை அவள் ஒன்றுவிடாமல் பொறுக்கி மனதில் அடுக்கி வைத்தாள்.

அந்த இலையுதிர்காலத்தில் லுவோ இருவரையும் அறைக்கு அழைத்தார்.

"இங்க பாருங்க. வேகத்துல செங்கல்தான் ஜாஸ்தி, அதுல பேச்சே இல்ல. ஆனா சத்தமில்லாத கார்டு வேணும்னு கேக்குற ஆளுங்க ஒரு கூட்டம் இருக்காங்க. ரெண்டையும் சோதிச்சுப் பார்த்து, ஊமைதான் இன்னும் அமைதின்னா, அதை இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்னு மேலிடம் சொல்லுது. சியூமான் பகுதி அப்படியே இருக்கும். செங்கல் அதுலயும் ஜெயிச்சுடுச்சுன்னா ஊமைய நிறுத்திடுவாங்க. அப்புறம் ரெண்டு பகுதி எதுக்கு? ஒண்ணாக்கிடுவாங்க."

"ஒண்ணாக்கினா யாருக்குக் கீழ யாரு, மேனேஜர் சார்?" என்றாள் சியூமான்.

லுவோ தன் தேநீர்க் கோப்பையின் மூடியைச் சரிசெய்தார். அதுவே பதில்.

ஆக, சோதனை முடிவுக்கு மறுநாள் தான் ஜியாவெனுக்குக் கை கட்டி நிற்பதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. சியூமானுக்கு இதில் சந்தேகமே இல்லை. மூன்று விசிறி இரண்டைவிட அமைதியாக ஓடுமா? எந்த ஊர் நியாயம் அது?

இரண்டு கார்டையும் ஒரே மாதிரியான இரண்டு கணினிப் பெட்டிகளில் பூட்டி, அடுத்தடுத்து வைத்து, வார இறுதி முழுக்க ஒரே விளையாட்டை ஓடவிடுவது என்று முடிவாயிற்று. பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சியூமான் தானாகவே ஏற்றுக்கொண்டு, கடையில் கிடைப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்தாள். ஊமை அதில் சுகமாகப் படுத்தது. செங்கல்லைத் திணிக்க ஆக்குவேய் முக்கி முனக வேண்டியிருந்தது.

"சரிதான் அக்கா, வீட்ல எல்லாரும் சின்னப் பெட்டிதானே வெச்சிருக்காங்க" என்றாள் ஜியாவென், வாயில் அன்னாசி கேக்கோடு. அவள் ஒரு முறையாவது முகம் சுளித்திருந்தால் சியூமானுக்கு மனது ஆறியிருக்கும்.

மிச்சம் இருந்தது பொட்டலம். பச்சை உறையில் வரும் அந்தச் சோளப் பொரிப் பொட்டலத்தை வைக்காமல் அந்தக் கட்டடத்தில் எந்த இயந்திரத்தையும் முடுக்க மாட்டார்கள். பச்சை இருந்தால் இயந்திரம் சொன்னபடி கேட்கும் என்பது தைவான் முழுக்க உள்ள நம்பிக்கை. மஞ்சளோ சிவப்போ ஆகாது. பிரித்துத் தின்னக் கூடாது, தேதி தாண்டக் கூடாது, ஒருவர் வைத்ததை இன்னொருவர் தொடவே கூடாது. முதுகலைப் பட்டம் வாங்கியவர்கள்தான் எல்லோரும். இருந்தாலும் பச்சை வைப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்து விளக்கை அணைத்து, எல்லோரும் மேசைமேல் தலையணை போட்டுக் குட்டித் தூக்கம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சியூமான் சோதனைக் கூடத்துக்குள் போனாள். தெருமுனைக் கடையில் வாங்கிய பொட்டலங்கள் கையில் இருந்தன. அலமாரியின் அடியில் கை விட்டு, தேதி வெகு தூரம் தள்ளி இருப்பதாகப் பார்த்து எடுத்தவை. அவற்றை ஊமையின் பெட்டிமேல் வரிசையாகப் படுக்கவைத்தாள். ஏசி காற்றில் நழுவி விழுந்தால் அபசகுனம் என்று நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினாள். குழந்தைக்குப் போர்த்திவிடுவதுபோல் ஓரங்களை அழுத்தினாள்.

செங்கல்லின் பெட்டிமேல் எதுவும் இல்லை. ஜியாவென் மறந்திருந்தாள். சியூமான் நின்று யோசித்தாள். தன் இழுப்பறையில் போன வருடத்துப் பொட்டலம் ஒன்று கிடப்பது அவளுக்கு நினைவு வந்தது. தேதி முடிந்து மாதக்கணக்காகிறது. காலாவதியானதை வைப்பது ஒன்றும் வைக்காததைவிட மோசம் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். அவள் போய் அதை எடுத்துவந்து, தேதி அடியில் இருக்கும்படி செங்கல்லின் பெட்டிமேல், முன்னோரத்தில் வைத்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. கூடவே, பல மாதங்களாக இல்லாத ஒரு நிம்மதியும் இருந்தது. திரும்பி வந்து மேசையில் தலைவைத்தவள் மற்றவர்களைவிட நன்றாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை காலை ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மேலே வந்தபோது கூடத்தின் கதவுக்கு வெளியிலேயே அலறல் கேட்டது. முடி உலர்த்தும் கருவியை யாரோ போட்டுவிட்டு மறந்ததுபோல் இருந்தது. செங்கல்தான் என்று நினைத்து, முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளத் தயாராகிக் கதவைத் திறந்தாள்.

அலறியது ஊமை.

லுவோ ஏற்கனவே நின்றிருந்தார். ஆக்குவேய் அளவுமானிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊமையின் சூடு எல்லையைத் தொட்டு, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்து, திரையில் விளையாட்டு நொண்டிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பெட்டியில் செங்கல் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சியூமானுக்குக் காது மட்டுமல்ல, கழுத்தும் சிவந்தது.

"யாரோ என் பெட்டியில கை வெச்சிருக்காங்க" என்றாள்.

"யாரு அக்கா வைப்பாங்க? சனி, ஞாயிறு ரெண்டு நாளும் கூடம் பூட்டித்தானே இருந்துச்சு" என்றான் ஆக்குவேய்.

"பூட்டுறதுக்கு முன்னாடி வெச்சிருக்கலாம்ல? யாருக்கு ஆதாயமோ அவங்க வெச்சிருப்பாங்க." ஜியாவென் அப்போதுதான் முட்டை தோசையை மென்றபடி உள்ளே வந்தாள். சியூமான் அவளைப் பார்த்தே சொன்னாள். "புதுசா வந்தவங்களுக்கு இங்க ரொம்ப இடம் குடுத்துட்டீங்க, மேனேஜர் சார்."

ஜியாவென் மெல்லுவதை நிறுத்தினாள். ஊமையின் பெட்டி அருகே போய்க் குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள், கையை அடியில் நீட்டினாள், பிறகு மேலே பார்த்தாள்.

"அக்கா, இந்தப் பெட்டியில சூடான காத்து எந்தப் பக்கமா வெளிய போகும்?"

"மேல இருக்குற வலை வழியா. இதுகூடத் தெரியாதா உனக்கு?"

சொன்ன பிறகுதான் சியூமானுக்குத் தெரிந்தது. மேலே வலையே தெரியவில்லை. புஸ்ஸென்று உப்பிய பச்சைப் பொட்டலங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அதை அடைத்திருந்தன. மிச்சம் இருந்த இடுக்கையும் டேப் மூடியிருந்தது. வாழ்நாள் முழுக்கக் காற்றுக்கு வழி செய்து சம்பளம் வாங்கியவள், தன் கையாலேயே அதன் மூச்சை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் மட்டும் என்ன, ஆக்குவேயும் காலையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். பச்சைப் பொட்டலத்தை அங்கே யாரும் ஒரு பொருளாகவே பார்ப்பதில்லை, அதுதான் வினை.

லுவோ சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அன்பு ஜாஸ்தியாயிடுச்சு" என்றார். பிறகு செங்கல்லின்மேல் இருந்த ஒற்றைப் பொட்டலத்தைப் பார்த்து, கையை மேலே வைக்காமல் குனிந்து, பெட்டிக்கு வெளியே நீட்டியிருந்த ஓரத்தின் அடியில் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "இது யாரு வெச்சது? தேதி முடிஞ்சது இது."

எல்லோரும் அந்தப் பொட்டலத்தையே பார்த்தார்கள். வலை அடைபட்டதற்கு வராத அதிர்ச்சி இதற்கு வந்தது.

"காலாவதியானதை வெச்சும் இப்படி ஓடுதுன்னா, நல்லதை வெச்சா பறக்கும் போல" என்றான் ஆக்குவேய், வெகு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்து. எல்லோரும் சிரித்ததில் கேள்வி அமுங்கிப்போனது.

"இந்தச் சோதனை கணக்குல சேராது" என்றார் லுவோ. "மேலிடத்துக்கு என்ன சொல்றது? ஊமைக்குப் பழைய அளவெல்லாம் நம்மகிட்ட இருக்கு. அதை வெச்சே ஒப்பிட்டு அனுப்பிடட்டுமா? அதுல ஊமை நல்லாத்தான் தெரியும்."

கழுத்துக்கு வந்த கத்தியை அவரே விலக்கிக் கொடுத்தார். ஒரு தலையாட்டலில் சியூமான் தப்பித்திருக்கலாம். ஆனால் எல்லோர் முன்னும் மூக்கறுபட்டு நின்றவளுக்குத் தலையாட்ட வரவில்லை. தன் ஊமை ஊமைதான் என்று ஜியாவென் தன் காதாலேயே கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"வேண்டாம். திரும்ப ஓட்டுங்க. எல்லாரும் பக்கத்துலயே நிப்போம்" என்றாள்.

டேப்பை உரித்துப் பொட்டலங்களை எடுத்து, வலையைத் துடைத்து, இரண்டு பெட்டிக்கும் ஒன்றுபோல் பின்பக்க மேசையில் பச்சை வைத்தார்கள். ஏசியை நிறுத்தினார்கள். ஊமையை முதலில் முடுக்கினார்கள். அது தன் பழைய குரலில், மெல்ல மூச்சுவிட்டபடி ஓடியது. சியூமானுக்கு நெஞ்சு நிறைந்தது. யாருக்கும் கேட்காத அந்தச் சன்னமான காற்றை அவள் மட்டும் கேட்டாள். அதன் ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் அவளுக்கு மனப்பாடம். மதியம் வரை ஓடவிட்டு, நிறுத்தி, செங்கல்லுக்கு வந்தார்கள்.

சியூமான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"போடேன், எவ்வளவு நேரம்" என்றாள் ஆக்குவேயிடம்.

"போட்டு அரைமணி நேரம் ஆச்சு அக்கா."

அவள் நம்பவில்லை. திரையைப் பார்த்தாள், விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஊமையில் ஓடியதைவிட வழுக்கிக்கொண்டு. பெட்டி அருகே போய்க் காதை வைத்தாள். ஒன்றும் இல்லை. கடைசியில் கையை வலைக்கு மேலே நீட்டினாள். வெதுவெதுப்பான காற்று உள்ளங்கையில் வந்து பட்டபோதுதான் மூன்று விசிறியும் சுற்றுவது தெரிந்தது. பெரிய விசிறி, நிதானமான சுற்று, சூட்டை வாங்கிக்கொள்ள அத்தனை தடித்த தகடு; சத்தம் போட வேண்டிய அவசியமே அதற்கு வரவில்லை. அவள் இளப்பமாகச் சொன்ன அந்தக் கனம்தான் அதன் அமைதி. ஆக்குவேய் அளவுமானியை அவளிடம் காட்ட வந்தான். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். சாக்குப்போக்கு ஒன்றாவது மிச்சம் இருக்குமா என்று மனதுக்குள் தேடிப் பார்த்தாள். இல்லை.

மறுநாள் காலை லுவோ தன் அறைக்கு அழைத்து, ஜியாவெனின் கீழ் பகுதிகள் ஒன்றாவதைச் சொல்லிவிட்டார். மதியம் சியூமான் யார் கண்ணிலும் படாமல் இருக்க எதிர்ச் சாப்பாட்டுக் கடையின் கடைசி மேசைக்குப் போனாள். ஜியாவென் கோழிக்கால் டப்பாவோடு வந்து எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"அந்தத் தேதி முடிஞ்ச பொட்டலம் உங்களோடதுதானே அக்கா."

சியூமான் சூப்பை ஊதினாள். "யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. எல்லாரும் அதையே பார்த்தப்ப நீங்க மட்டும் கூரையப் பார்த்துட்டு நின்னீங்க."

"லுவோகிட்ட சொல்லப்போறியா?"

"எதுக்கு? நான் உங்களுக்குச் செஞ்சதுக்கு முன்னாடி அதெல்லாம் ஒண்ணுமே இல்ல." ஜியாவென் கோழிக்காலைக் கீழே வைத்தாள். "பழைய கம்பெனியில எங்க தலைவர் மேசையில உங்க ஊமை இருக்கும். நான் என்ன செஞ்சு எடுத்துட்டுப் போனாலும், அதைத் தட்டிக்காட்டி, 'இது மாதிரி ஏன் உனக்கு வரமாட்டேங்குது'ம்பார். வருஷக்கணக்கா. யாரு செஞ்சதுன்னு எனக்குத் தெரியாது. ஆம்பளைன்னு நெனச்சேன். வழுக்கை, தொந்தி எல்லாம் வெச்சு ஒரு ஆளையே மனசுல செஞ்சு வெச்சிருந்தேன். அந்த ஆளு படியில உருண்டு விழணும்னு மாத்சு அம்மன் கோயில்ல ஊதுவத்தி ஏத்தி வேண்டியிருக்கேன்."

சியூமான் கரண்டியை வைத்துவிட்டாள்.

"அதோட விட்டேனா? ஒரு ஊமைய வாங்கி, கழட்டி, விசிறி இதழை ஒவ்வொண்ணா ஒடிச்சேன்."

"ஒவ்வொண்ணாவா?"

"ஒவ்வொண்ணா. கையில ரத்தம் வந்துச்சு."

சியூமானின் காது சிவக்கவில்லை. அவளுக்குள் ஏதோ இளகி இனித்தது. எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். ஒருவரும் கையில் ரத்தம் வரும்வரை அவள் வேலையை மதித்ததில்லை. பகுதி போனது, பேர் போனது எல்லாம் அந்த நிமிடம் சின்னதாகிவிட்டது. இன்னும் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"அப்புறம் இங்க வந்து என்னைப் பார்த்ததும்?"

"பார்த்ததும் இன்னும் ஜாஸ்தியாச்சு. செங்கல்னு நீங்க பேர் வெச்சப்ப வீட்டுக்குப் போய் அழுதேன்."

"சிரிச்சியே?"

"சிரிக்காம என்ன செய்யறது?"

சியூமான் மேசைமேல் சற்று முன்னால் சாய்ந்தாள். தன் குரல் இவ்வளவு ஆசையோடு வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"இப்பவும் அப்படித்தான் இருக்கா உனக்கு?"

ஜியாவென் நிமிர்ந்து பார்த்தாள். கேள்வி அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்து, கபடமே இல்லாமல் தலையை ஆட்டினாள்.

"இப்ப எதுக்கு அக்கா? அதான் நேத்தோட தீர்ந்துபோச்சே. படுத்ததும் தூங்கிட்டேன்."

கடையில் யாரோ அடுத்த டப்பாவுக்குக் கூவினார்கள். சியூமான் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். தன்னைப் பார்த்து ஒருத்தி வருடக்கணக்காக வயிறெரிந்திருக்கிறாள். அது தெரியாமலேயே அந்த வருடங்கள் போயிருக்கின்றன. தெரியவந்தபோது அது முடிந்தும் போயிருந்தது. லுவோவின் அறையில் வலிக்காதது இங்கே வலித்தது.

ஜியாவென் தன் டப்பாவிலிருந்த வேகவைத்த முட்டையை இரண்டாக வெட்டி, மஞ்சள் கரு பெரிதாக இருந்த பாதியை எடுத்துச் சியூமானின் சோற்றின்மேல் வைத்தாள். பொறாமைப்படுகிறவர்கள் பெரிய பாதியைக் கொடுப்பதில்லை. சியூமானுக்கு அது நன்றாகத் தெரியும். அவள் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

"சாப்பிடுங்க அக்கா, ஆறிடப்போகுது" என்றாள் ஜியாவென்.

சியூமான் சாப்பிட்டாள்.